‘ஆச்சு’ என்று சொன்ன டிஸ்க்

“என்னங்க, உங்க டிஸ்க் மறுபடியும் யோசிக்குது!”

மனைவியின் குரல் உள்ளறையிலிருந்து வந்தபோது டிஸ்க்காரர் சட்டையின் மூன்றாவது பொத்தானில் இருந்தார். நான்காவதை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்களுக்கு, வீட்டிலும் அவர் அதே வேலையாகத்தான் ஓடுகிறார் என்பது தெரியாது.

மனைவி கணினிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எவ்வளவு நேரமா?”

“காலையிலேருந்து. ஒரு வரி எழுதிட்டு சேவ் கொடுத்தா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. இப்படி இருந்தா யாருக்குங்க எழுத்து ஓடும்?”

டிஸ்க்காரர் குனிந்து பார்த்தார். திரை சும்மா இருந்தது.

“இப்ப சுத்தலையே?”

“நீங்க வந்தா மட்டும் நல்ல பிள்ளையா உக்காந்திருக்கும்.”

அவர் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசி வென்ற வரலாறு அவருக்குக் கிடையாது. “இன்னைக்கே சரி பண்ணிடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நான்காவது பொத்தானை மாடிப்படியில் போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாக நம்பவைக்கும் மென்பொருளை அவருடைய நிறுவனம் செய்கிறது. உள்ளே இருக்கிற கணினி பாவம், தனக்கென்று சொந்தமாக ஒரு டிஸ்க் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அது வெளியே இருக்கிற கணினியில் கிடக்கும் ஒரு கோப்புதான். அந்த நினைப்பு கலையாதபடி பார்த்துக்கொள்ளும் பகுதியை வடிவமைத்தவர் டிஸ்க்காரர். பதினோரு வருட உழைப்பு. இன்னும் இரண்டு மாதத்தில் ஒரு பெரிய மருத்துவமனை தன் நோயாளிகளின் விவரம் முழுவதையும் அதை நம்பி வைக்கப்போகிறது.

ஆறு மாதங்களுக்கு முன்னால் மேலாளர் எல்லோரையும் கூட்டி ஒரு விதி போட்டார். “நம்ம வீட்டுப் பொருளை இதுல வைக்க நமக்கே பயமா இருந்தா, அடுத்தவன் பொருளை எந்த மூஞ்சியோட வாங்கி வைக்கிறது? ஆளுக்கு ஒண்ணு வைங்க.”

ஒருவர் பழைய பாட்டுகளை வைத்தார். ஒருவர் பூனைப் படங்களை வைத்தார். மேலாளர் தன் பல் மருத்துவரின் சீட்டை வைத்தார். டிஸ்க்காரர் மட்டும் மனைவியின் ஆராய்ச்சியை வைத்தார்.

அது ஆறு வருட ஆராய்ச்சி. அதற்காகக் கல்லூரி வேலையை விட்டவள் அவள். இந்தக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய சொத்து கிடையாது என்று டிஸ்க்காரர் மனதார நம்பினார். புதுக் கணினி வாங்கி, அதற்குள் ஒரு கணினியை உண்டாக்கி, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று தனி டிஸ்க் கொடுத்தார். பழைய கணினியிலிருந்து தானே மாற்றித் தருவதாகவும் சொன்னார்.

“என் எழுத்தை நானே குடிவைக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் போங்க” என்றாள் அவள்.

அவர் அந்தப் பக்கம் போனார். அரைமணி கழித்து, “ஆச்சா?” என்றார்.

“ஆச்சு.”

அன்று சாயங்காலமே பழைய கணினியை ஒரு எழுத்து மிச்சமில்லாமல் துடைத்து மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார். துடைப்பதிலும் அவர் கெட்டிக்காரர்.

*

அலுவலகத்தில் டிஸ்க்கைச் சோதித்துப் பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். எதையும் நம்பமாட்டாள் என்பதால் ‘சந்தேகம்’ என்று பெயர். அவள் காகிதத்தை நீட்டினாள்.

“நானூறு தடவை ஓட்டிட்டேன் சார். எங்கயும் மெதுவா இல்ல.”

“வீட்ல மெதுவா இருக்கும்மா. கண்ணால பாத்தவங்க சொல்றாங்க.”

“நீங்க பாத்தீங்களா சார்?”

“நான் போனா சரியாயிடுது.”

டிஸ்க்காரர் தன் இருக்கைக்கு வந்து, பதினோரு வருடமாகச் செய்ய மறுத்த ஒன்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

உள்ளே இருக்கிற கணினி ஒன்றை எழுதச் சொல்லிவிட்டு, “எழுதியாச்சா?” என்று கேட்கும். அவருடைய டிஸ்க் உண்மையாகவே எழுதி முடித்த பிறகுதான் “ஆச்சு” என்று சொல்லும். அந்தக் கண நேரக் காத்திருப்புதான் தாமதம். கேட்ட உடனே “ஆச்சு” என்று சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக எழுதினால் வேகம் பத்து மடங்காகும். தொழிலில் அப்படிச் செய்பவர்கள் உண்டு. அவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இடையில் மின்சாரம் போனால் அந்த “ஆச்சு” பச்சைப் பொய்யாகிவிடும்.

அன்று மாலை மனைவியிடமே கேட்டார். அவளுடைய ஆராய்ச்சி இலக்கணத்தில்தான்.

“ஒரு வேலை முடியறதுக்கு முன்னாடியே ஆச்சுன்னு சொன்னா அது பொய்தானே?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “யாரு சொன்னா?”

“டிஸ்க்கு.”

“ஓ” என்று மூச்சு விட்டாள். “பொய் இல்லீங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவனை வாசல்லேருந்து கூப்பிடறாங்க. ‘இதோ வந்துட்டேன்’கிறான். வந்துட்டானா? கை கூட கழுவல. ஆனா பொய்யும் இல்ல. விரைவு காரணமா எதிர்காலத்தை இறந்தகாலத்துல சொல்றான். அதுக்குப் பேரு காலவழுவமைதி. தப்புதான், ஆனா இலக்கணமே மன்னிச்சு விட்ட தப்பு. என் மூணாவது அத்தியாயம் பூரா இதுதான்.”

“அது ஆச்சா?”

“ஆச்சு.”

டிஸ்க்காரருக்குப் பெரிய பாரம் இறங்கியது. இலக்கணமே மன்னித்ததை அவர் யார் மன்னிக்காமல் இருக்க? மறுநாள் அந்த மாற்றத்தைச் செய்தார். வடிவமைப்புக் குறிப்பில் அதற்கு ‘காலவழுவமைதி’ என்றே தலைப்பும் போட்டார். வேகத்தைப் பார்த்த மேலாளர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இவ்வளவு நாளா இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

*

வீட்டில் மனைவி ஒரு வாரம் குறை சொல்லவில்லை. எட்டாம் நாள், “வேகமெல்லாம் சரிதான். இடம்தான் பத்தாது போல. இந்த இடத்துக்குள்ள எழுதணும்னா மூச்சு முட்டுது” என்றாள்.

அவர் கொடுத்திருந்த இடத்தில் ஒரு நூலகத்தையே வைக்கலாம். ஆனால் எழுதுகிறவர்களின் மனநிலை டிஸ்க் செய்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் டிஸ்க்கைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டினார். உண்மையில் அவ்வளவு இடம் இல்லை. “உனக்கில்லாததா?” என்று சொல்லிவைப்பது, எழுத வரும்போது மட்டும் தேவையான துண்டைத் தேடிக் கொடுப்பது என்று ஏற்பாடு.

இதைக் கேட்டதும் சந்தேகம் பேனாவைக் கீழே வைத்தாள்.

“சார், முன்னாடி எழுதாமலே ஆச்சுன்னு சொல்லுச்சு. இப்ப எழுத இடமே இல்லாட்டியும் ஆச்சுன்னு சொல்லுமே?”

டிஸ்க்காரர் தன் இருக்கைக்கு ஓடினார். அதற்கு ஒரு காவல், அந்தக் காவலுக்கு இன்னொரு காவல் என்று போட்டு முடிக்க நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள் மனைவி சோர்ந்த முகத்தோடு சொன்னாள்:

“எழுதினதைத் திருத்தவே பயமா இருக்குங்க. திருத்தினா பழசு போயிடுமேன்னு கை நடுங்குது.”

“அவ்வளவுதானே? இதை நீ முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா!”

தினமும் காலையில் டிஸ்க்கை அப்படியே உறையவைத்து, அதன்மேல் கண்ணாடிபோல் ஒரு தாளை விரித்தார். புதிதாக எழுதுவதெல்லாம் தாளின்மேல். பழையது அடியில் பத்திரமாக இருக்கும். வேண்டுமானால் எந்த நாளுக்கும் திரும்பலாம். மனைவி அவரை நெடுநேரம் பார்த்தாள். “எதுக்குமே ஒரு வழி வெச்சிருக்கீங்க” என்றாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு நாட்களில் ஐம்பத்திரண்டு தாள்கள் சேர்ந்தன. எதைப் படிக்க வேண்டுமானாலும் ஐம்பத்திரண்டையும் ஊடுருவிப் பார்க்க வேண்டியிருந்ததால், கணினி இப்போது உண்மையாகவே நத்தைபோல ஊர்ந்தது.

“என்னங்க, உங்க டிஸ்க் மறுபடியும் யோசிக்குது!”

போய்ப் பார்த்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முதன்முறையாக அவர் கண்ணெதிரே.

*

அந்த வாரம்தான் மனைவிக்கு ஆராய்ச்சி வழிகாட்டியிடமிருந்து அழைப்பு வந்தது. வரும் திங்கட்கிழமை முழு ஆய்வேடும் தன் மேஜையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். மனைவி போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

“நீ எதுக்கும்மா கவலைப்படற? எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, ஒரே டிஸ்க்கா ஆக்கித் தந்துடறேன். பட்டனைத் தட்டினா அச்சுக்குப் போயிடும்.”

வியாழக்கிழமை காலை ஐம்பத்திரண்டு தாள்களையும் ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். “இது முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது” என்று நாற்காலியை மேஜைக்குக் குறுக்கே போட்டார். முப்பத்தேழாவது தாளில் கரண்ட் போயிற்று.

கீழே போய்க் கேட்டார். “நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே” என்றார் மின்பணியாளர், ஏணியில் நின்றபடி.

கரண்ட் வந்ததும் மனைவிதான் முதலில் போய்த் திறந்தாள். டிஸ்க்காரர் வாசற்படியிலேயே நின்றார். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“என்னங்க,” என்றாள் மெதுவாக. “காணோம்.”

ஆய்வேட்டின் தலைப்பு இருந்தது. அதன் கீழே, ‘இந்த ஆராய்ச்சியைத் தன்னுடையதாகச் சுமந்த என் கணவருக்கு’ என்று ஒரு வரி இருந்தது. ‘அத்தியாயம் ஒன்று’ என்று இருந்தது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

டிஸ்க்காரர் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து, வேலையை ஆரம்பித்தார். சேர்ந்திருந்த தாள்களைப் பிரித்தார். வெள்ளை. சேராத தாள்களைத் தனியே எடுத்துப் பார்த்தார். வெள்ளை. ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய், அடித்தளம் வரைக்கும் இறங்கிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் தலைப்பு, கணவருக்கு ஒரு வரி, வெள்ளை. அப்போதுதான் அவருக்கு முழுதும் விளங்கியது. கரண்ட் மேல் பழி போட முடியாது. முதல் நாளிலிருந்தே அந்த டிஸ்க் வாயால் “ஆச்சு, ஆச்சு” என்று சொல்லியிருக்கிறதே தவிர, அந்த மூன்று வரிக்குமேல் ஒன்றையும் எழுதவில்லை. நேர்மையான காலத்திலேயே அதற்குள் ஏதோ ஓட்டை இருந்திருக்கிறது. இவளுடைய ஆறு வருடத்தை அவருடைய பதினோரு வருடம் தின்றுவிட்டது.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள் மனைவி.

“வேண்டாம்.”

“இல்லீங்க, இதை நான் சொல்லியே ஆகணும்.”

“நீ என்ன சொன்னாலும் நியாயம்தான். அம்மா வீட்டுக்குப் போறேன்னாலும் நியாயம்தான். ஆனா இன்னைக்குச் சொல்லாத. நான் தாங்க மாட்டேன்.”

அவள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

மச்சினனுக்குப் போன் செய்தார். “அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஏதாவது மிச்சம் மீதி இருந்துச்சா?”

“ஒரு தூசிகூட இல்ல அத்தான். கடையிலேருந்து வந்த மாதிரி இருந்துச்சு. உங்க வேலைன்னா சும்மாவா!”

வாழ்க்கையில் எந்தப் பாராட்டும் அவரை அவ்வளவு வலிக்கவைத்ததில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை, மனைவியிடம் சொல்லாமல் வழிகாட்டியின் அறைக்குப் போனார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஆய்வேடு முழுவதும் முடிந்திருந்தது, அதைத் தொலைத்தவன் நான், தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆறு வருஷமா அவங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். ஒரு அத்தியாயத்தைக்கூட கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்களேன்னு. முழுசா முடிச்சுத்தான் காட்டணும்னு இருந்திருக்காங்க. எப்பேர்ப்பட்ட மனசு!” என்றவர் ஒரு படிவத்தை எடுத்தார். “இன்னும் ரெண்டு வருஷம் வாங்கித் தரேன். மறுபடியும் எழுதச் சொல்லுங்க.”

டிஸ்க்காரர் அந்தப் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“ரெண்டு வருஷம் வாங்கிட்டேம்மா! மறுபடியும் எழுதலாம்!”

மனைவி படிவத்தைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளை அப்படி அழவைத்த தன் கைகளை டிஸ்க்காரர் வெறுத்தார். அன்று மாலை முழுவதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு முறை, “என்னங்க, நான்...” என்று தொடங்கினாள். இரண்டு முறையும் அவர், “தப்பு என்னோடது, நீ எதுவும் பேசாத” என்று அவள் வாயைப் பொத்தினார்.

சனிக்கிழமை மேலாளரின் வீட்டுக்கே போய்விட்டார்.

“மருத்துவமனைக்கு நம்ம டிஸ்க்கைக் கொடுக்கக் கூடாது.”

“என்னய்யா சொல்றீங்க? செவ்வாய்க்கிழமை கொடுக்கறோம்!”

“என் வீட்ல போனது எழுத்து. அங்க போனா உயிர். யாருக்கு எந்த ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு அதுல இருக்கும். அதையெல்லாம் வாங்கிக்கிட்டு ஆச்சுன்னு சொல்லிட்டு சும்மா இருந்துச்சுன்னா?” சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து வைத்தார். “பதினோரு வருஷத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. வெளியிலேருந்து வேற ஒண்ணை வாங்கி மாட்டுங்க. நான் போறேன். இனிமே இந்தத் தொழிலே வேண்டாம்.”

மேலாளர் ராஜினாமாக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கடைசியில், “உங்க வீட்டம்மாவை திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. கம்பெனி சார்பா நாங்க எல்லாரும் மன்னிப்பு கேக்கணும். அதைச் செய்யாம இந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார்.

*

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கூட்ட அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீண்ட மேஜையின் ஒரு முனையில் மனைவியை உட்காரவைத்திருந்தார்கள். அவள் முன்னால் ஒரு பூங்கொத்து, ஒரு தம்ளர் தண்ணீர். பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் திறந்து கிடந்தது. டிஸ்க்காரர் சுவரோடு சுவராக நின்றார். இந்த அறையில்தான் பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் தன் டிஸ்க்கைப் பலகையில் முதன்முதலாக வரைந்து காட்டினார். இனி இந்த அறைக்கு அவர் வரப்போவதில்லை.

மேலாளர் எழுதிவைத்திருந்ததைப் படித்தார்.

“அம்மா, ஆறு வருஷமா நீங்க சிந்தின வேர்வையை எங்க மென்பொருள்...”

“சார்,” என்றாள் மனைவி. முகம் வெளிறியிருந்தது. “நான் ஒரு விஷயம் சொல்லணும். வீட்ல சொல்ல விடவே மாட்டேங்கறாரு.”

“நீங்க எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கறோம்மா. முதல்ல இதைப் படிச்சு முடிச்சுடறேன்.” மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “உங்க பெருந்தன்மையைப் பாத்து நாங்க தலைகுனிஞ்சு நிக்கறோம். நீங்க இழந்த...” படிப்பதை நிறுத்தினார். காகிதத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. “எத்தனை பக்கம்னு போடணும்னு சொன்னேனே. சந்தேகம் எங்க?”

“வந்துட்டேன் சார்.”

கதவருகில் குரல் கேட்டது. சந்தேகம் உண்மையாகவே வந்திருந்தாள், கையில் ஒரு கற்றைக் காகிதத்தோடு. சோதனைக்காகக் கொடுத்த டிஸ்க் என்பதால், உள்ளேயிருந்து வந்த ஒவ்வொரு கட்டளையையும் அது நாள் வாரியாகக் குறித்து வைத்திருந்தது. சனிக்கிழமையிலிருந்து அவள் அதைத்தான் வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மூன்று முறை சரிபார்த்துவிட்டாளாம்.

“சொல்லும்மா,” என்றார் மேலாளர், பேனாவை எடுத்துக்கொண்டு. “நம்ம டிஸ்க் எத்தனை பக்கத்தைத் தொலைச்சுது?”

சந்தேகம் டிஸ்க்காரரைப் பார்த்தாள். பிறகு அவர் மனைவியைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தே சொன்னாள்:

“ஒரு பக்கம்கூட தொலைக்கல சார், எட்டு மாசமா அதுக்கு ‘படி, படி’ன்னுதான் வந்திருக்கு, முதல் நாளுக்கு அப்புறம் ‘எழுது’ன்னு யாரும் சொல்லவே இல்ல.”